வெள்ளைக் குளிசைக்குப் பெயரில்லையா?

"வட்டம். வெள்ளை. நடுவில் ஒரு கோடு. முதுகுவலிக்குத் தந்தது. இது என்ன குளிசை, நாளைக்கு எத்தனை போடலாம்?"

இந்தக் கேள்வி, சொற்கள் மட்டும் மாறி, பல வருடங்களாக என்னிடம் வந்துகொண்டிருக்கிறது. கல்முனை, மருதமுனை, நிந்தவூர் என்று எங்கள் கரையோரத்திலிருந்து மாத்திரமன்றி, தோஹாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வருகிறது. அங்கிருக்கும் பிள்ளை, இங்கிருக்கும் உம்மாவின் குளிசையைப் படம்பிடித்து அனுப்பச் சொல்லி, அதை எனக்கு அனுப்பிக் கேட்கிறது. நான் வைத்தியனுமல்லன், மருந்தாளனுமல்லன். பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்ற பழைய நம்பிக்கை எங்கள் ஊரில் இன்னும் முற்றாகச் சாகவில்லை, அவ்வளவுதான்.

என் பதில் எப்போதும் ஒன்றே. தெரியாது. யாருக்கும் தெரியாது. இந்தப் படத்தைப் பார்த்து "இது இன்ன குளிசை, இத்தனை போடுங்கள்" என்று எவராவது சொன்னால் அவரை நம்ப வேண்டாம். கேட்பவர்மீது எனக்குக் கோபமில்லை. தன் உடம்புக்குள் போகும் பொருளின் பெயரை அறிய விரும்புவது குற்றமா? காசு கொடுத்து, வரிசையில் நின்று, மருந்து எடுத்து வந்த மனிதனை நிறத்தையும் வடிவத்தையும் வைத்து விடுகதை அவிழ்க்கும் நிலைக்குத் தள்ளிய நடைமுறை மீதுதான் கோபம்.

முதலில் அந்த வெள்ளை வட்டம் என்னென்னவாக இருக்கலாம் என்று பார்ப்போம். தசைப்பிடிப்புக்கும் தசை இறுக்கத்துக்கும் தரப்படும் குளிசைகளைப் பொதுவாகத் தசைத் தளர்த்திகள் என்கிறார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒரே குடும்பம் என்று நினைத்துவிடக் கூடாது. பக்லோபென் முள்ளந்தண்டு வடத்தில் வேலை செய்கிறது. பெரும்பகுதி சிறுநீரகத்தின் வழியாக அப்படியே வெளியேறுகிறது. டிசானிடின் ஈரலில் சிதைக்கப்படுகிறது. இரத்த அழுத்தத்தையும் இறக்குகிறது. டயஸிபாம் மனப்பதற்றத்துக்கும் வலிப்புக்கும்கூடக் கொடுக்கப்படும் மருந்து; உடம்பை விட்டு முழுதாக நீங்க நாட்கள் எடுக்கும். கரிசோப்ரோடோல் உடம்புக்குள் மெப்ரோபமேட் என்னும் பழைய மயக்கமருந்தாக மாறுகிறது. பழக்கமாகிவிடும் ஆபத்தும் வேறு தீங்குகளும் நன்மையை விஞ்சுகின்றன என்று சொல்லி ஐரோப்பிய மருந்து முகவரகம் 2007 இல் அதன் விற்பனை அனுமதியை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. இவற்றில் எதுவும் வட்டமாக, வெள்ளையாக, நடுவில் கோட்டுடன் வரலாம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரின் சீனிக் குளிசையும் அப்படியே இருக்கலாம்.

அடுத்து அளவு. இங்கேதான் எங்கள் மக்கள் மிகவும் ஏமாறுகிறார்கள். "ஐந்நூறு என்றால் பவர், இரண்டு என்றால் பவர் இல்லை" என்று படித்தவர்களே பேசக் கேட்டிருக்கிறேன். மில்லிகிராம் என்பது எடை, வலிமையன்று. மெதோகார்பமோல் என்ற தசைத் தளர்த்தியை முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 6000 மில்லிகிராம் வரை கொடுப்பதுண்டு. டிசானிடினை 2 மில்லிகிராமில் தொடங்குவார்கள். நாள் முழுவதற்குமான உச்ச எல்லையே 36 தான். பக்லோபெனைப் பொதுவாக 5 மில்லிகிராம் வீதம் மூன்று வேளையாகத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவார்கள். ஆகவே ஒரு குளிசையின் எண்ணை இன்னொரு குளிசையின் எண்ணோடு ஒப்பிடுவது, மீனின் நிறையையும் பொன்னின் நிறையையும் ஒரே தராசில் வைத்து விலை பேசுவது போன்றது. "போன முறை தந்ததும் வெள்ளைதான், அதில் இரண்டு போட்டேன், இதிலும் இரண்டு போடுவேன்" என்பவர் எதை இரட்டிப்பாக்குகிறார் என்று அவருக்கே தெரியாது.

இன்னொன்று. ஒத்துவரவில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்ற எண்ணம். நீண்ட நாள் எடுத்த பக்லோபெனைத் திடீரென்று நிறுத்தினால் இல்லாதவற்றைக் காண்பதும் வலிப்பு வருவதும் உண்டு. கூடிய அளவில் எடுத்துவந்த டிசானிடினைச் சட்டென நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறலாம். பெயர் தெரியாதவன் எதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்று எப்படி அறிவான்?

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள், "இங்கே குளிசையின் மேலுள்ள எழுத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறோமே" என்பார்கள். உண்மை. அங்கே அது முடிவதற்குக் காரணம் குளிசையின் தோற்றமன்று, சட்டம். வாயால் உட்கொள்ளும் குளிசைகளிலும் கப்சூல்களிலும் தயாரிப்பாளரையும் மருந்தையும் அளவையும் காட்டும் குறியீடு பொறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற விதி 1990களின் நடுப்பகுதியிலிருந்து அங்கே நடைமுறையில் இருக்கிறது. அந்தக் குறியீட்டு அட்டவணையை வைத்துக்கொண்டு கல்முனையில் வாங்கிய குளிசையைத் தேடுவது, கொழும்புத் தொலைபேசிப் புத்தகத்தில் மருதமுனைக்காரரைத் தேடுவது போன்றது. இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்து எங்கள் மருந்தகங்களில் குவியும் குளிசைகளில் சிலவற்றில் எழுத்திருக்கும், பலவற்றில் வெறும் கோடுதான். அடுத்த மாதம் வைத்தியசாலைக்கு வேறு கம்பனியின் சரக்கு வந்தால் அதே மருந்து வேறு நிறத்தில் வரும்.

நிறத்தை நம்புவோருக்கு ஒரு செய்தி. டயஸிபாமை முதலில் விற்ற ரோஷ் கம்பனி 2 மில்லிகிராமை வெள்ளையாகவும், 5 ஐ மஞ்சளாகவும், 10 ஐ நீலமாகவும் செய்தது. மற்றக் கம்பனிகள் எல்லாம் அதையே பின்பற்ற வேண்டும் என்று எந்த உலகச் சட்டமும் இல்லை. நிறத்தால் அளவைக் காட்டுவது ஓரளவு வழக்கமாகிவிட்ட மருந்து ஒன்று உண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின். அதிலும் நிலைமை இதுதான்: பிரித்தானியாவில் இளஞ்சிவப்பு வார்ஃபரின் 5 மில்லிகிராம், அமெரிக்காவில் இளஞ்சிவப்பு 1 மில்லிகிராம். இலண்டன் மகனும் நியூ ஜேர்சி மகளும் ஒரே வாப்பாவுக்கு ஆளுக்கொரு போத்தல் அனுப்பும் குடும்பங்கள் எங்கள் ஊரில் இருக்கின்றன. "சிவப்பில் ஒன்று" என்று தொலைபேசியில் சொன்னால் அந்த வீட்டில் என்ன நடக்கும்?

இனி எங்கள் ஊர் உறைக்கு வருவோம். உள்ளங்கையளவு கடுதாசி உறை. அதன்மேல் "1 × 3" என்றோ, மூன்று கோடுகள் என்றோ, பி.டி., ரி.டி.எஸ்., நொக்டே என்று இலத்தீனிலிருந்து தேய்ந்த சுருக்கெழுத்தோ இருக்கும். இலத்தீன் உரோமாபுரியிலேயே வழக்கொழிந்து எத்தனையோ நூற்றாண்டுகள். கல்முனைக்குடியில் வலை பின்னுபவருக்கு அது எதற்கு? தனியார் சிகிச்சை நிலையங்கள் சிலவற்றில் குளிசையை அட்டையிலிருந்து உரித்தே போடுகிறார்கள். அட்டையைக் காட்டினால் நோயாளி அடுத்த முறை நேரே மருந்தகத்துக்குப் போய்விடுவானாம். மருந்தகத்திலோ பத்துக் குளிசை அட்டையில் நான்கை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார்கள். பெயரும் காலாவதித் திகதியும் அச்சிட்ட பக்கம் கடைக்காரரிடம் தங்கிவிடும். குளிசை நம்மிடம், அதன் அடையாள அட்டை அவரிடம்.

நான் வேலை செய்த பத்திரிகைகளில் ஒரு விதி இருந்தது. படத்துக்குக் கீழே யார், எங்கே, எப்போது என்று எழுதாமல் பக்கம் அச்சுக்குப் போகாது. படம் மாறிவிட்டால் மறுநாள் மன்னிப்புப் போட்டுச் சமாளிக்கலாம். அதற்கே அவ்வளவு கண்டிப்பு.

என் உறவினர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வயது அறுபத்தைந்துக்கு மேல். சீனியும் பிரஷரும் இருபது வருடங்களாக உண்டு, சிறுநீரகம் பழுதுபட்டுக்கொண்டிருந்தது. இடுப்புப் பிடிப்பென்று பக்கத்தில் ஓரிடத்தில் மருந்து எடுத்தார். இடத்தின் பெயர் வேண்டாம். இரண்டாம் நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்கு எழுந்தவர் கிப்லா எந்தப் பக்கம் என்று மனைவியிடம் கேட்டாராம். இரவு பிள்ளைகளின் பெயர் மாறியது. விடிவதற்குள் எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. பாரிசவாதம் என்று எண்ணி வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பணியிலிருந்த இளம் வைத்தியர் கேட்ட முதற் கேள்வி: "புதிதாக என்ன குளிசை போட்டார்?" மகன் உறையை நீட்டினான். உறையில் "1 × 3". உள்ளே ஏழு வெள்ளை வட்டங்கள். அந்த வைத்தியர் ஒரு குளிசையை விரலால் புரட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப உறைக்குள் போட்டார். படித்துப் பட்டம் பெற்ற வைத்தியருக்கே பார்த்துச் சொல்ல முடியாத ஒன்றைத்தான் எங்கள் உம்மாமார் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

மருந்து கொடுத்தவரின் தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்து, அவர் சுபஹுக்குப் பின் எடுத்துப் பதில் சொல்லும்போது நான்கு மணித்தியாலம் கழிந்திருந்தது. பக்லோபென், 10 மில்லிகிராம், நாளைக்கு மூன்று. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய மருந்து. வெளியேற்றச் சிறுநீரகம் இல்லை. இரத்தச் சுத்திகரிப்புச் செய்த பிறகு மனிதர் தெளிந்தார், அல்ஹம்துலில்லாஹ். உறையில் ஒரேயொரு சொல் எழுதப்பட்டிருந்தால் அந்த நான்கு மணித்தியாலம் மிஞ்சியிருக்கும். அந்தச் சொல்லை வாசித்த மருமகள், "மாமாவுக்குக் கிட்னி பிரச்சினை, இது சரியா?" என்று முதல் நாளே கேட்டிருக்கவும் கூடும்.

இது எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த அதிசயமன்று. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், சிறுநீரக நோயுள்ள ஏறத்தாழ 16,000 முதியோரின் பதிவுகளை ஆராய்ந்து 2019 இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பக்லோபென் தொடங்கியவர்களில் 1.11 சதவீதத்தினர் ஒரு மாதத்துக்குள் மூளை குழம்பிய நிலையில் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர். அதற்குக் குறைவான அளவில் தொடங்கியவர்களில் 0.42 சதவீதம். நூற்றுக்கு ஒருவர் என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். போத்தலில் பெயர் அச்சடித்து, கணினியில் பதிந்து, மருந்தாளர் விளக்கம் சொல்லிக் கொடுக்கும் நாட்டின் கணக்கு அது. சீனியும் பிரஷரும் நுழையாத வீடு அரிதாகிவிட்ட எங்கள் கரையோரத்தில், உறையில் எழுத்தே இல்லாத நாட்டில், கணக்கு எடுக்கவே வழியில்லை.

டிசானிடினுக்கு வேறொரு பொறி. சிறுநீர்த் தொற்றுக்குச் சாதாரணமாகக் கொடுக்கும் சிப்ரோபுளொக்சசினோடு அதைச் சேர்த்தால், இரத்தத்தில் டிசானிடினின் அளவு பல மடங்கு ஏறும். அழுத்தம் விழும், ஆள் சாய்வார். இரண்டையும் சேர்க்கவே கூடாது என்பது எழுதிவைத்த விதி. திங்கட்கிழமை ஓரிடத்தில் இடுப்புக்கு மருந்து, வியாழக்கிழமை வேறோரிடத்தில் சிறுநீர் எரிவுக்கு மருந்து. இரண்டாமவர் கேட்கிறார், "வேறு ஏதும் குளிசை எடுக்கிறீர்களா?" பதில்: "ஓம், ஒரு வெள்ளைக் குளிசை." வைத்தியர் என்ன செய்வார், பாவம்.

வளைகுடாவிலிருந்து வரும் பெட்டிகளையும் விட முடியாது. ஓர்ஃபெனாட்ரின் 35 மில்லிகிராமும் பரசிற்றமோல் 450 மில்லிகிராமும் கலந்த குளிசை ஒன்று உண்டு. "நாரிப்பிடிப்புக்கு நல்லது" என்று கொண்டுவருவார்கள். அரபு அட்டையைக் கழற்றி, ஒரு சிறு டப்பாவில் கொட்டி, அயலவருக்கும் பங்கிடுவார்கள். இரண்டு வீதம் மூன்று வேளை போட்டால் பரசிற்றமோல் மட்டும் 2700 மில்லிகிராம். வலி தீரவில்லையென்று பனடோலும் இரண்டு வீதம் மூன்று வேளை போட்டால் இன்னொரு 3000. மொத்தம் 5700. ஆரோக்கியமான வளர்ந்தவருக்கே நாளுக்கு 4000 தான் எல்லை. ஈரல் கெட்டபின் "பனடோல்தானே போட்டார்" என்று அழுவோம். போகிறவர்களுக்கும் இதே வினை. ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் டயஸிபாமும் டிரமடோலும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன்னனுமதியும் வைத்தியரின் துண்டும் இல்லாமல், பெயரற்ற உறையில் கொண்டு இறங்கும் பிள்ளை விமான நிலையத்தில் என்ன விளக்கம் சொல்லும்?

எதிர்வாதங்களை நான் கேட்காமல் இல்லை. "பெயர் தெரிந்தால் சனம் தானாகவே வாங்கிப் போடும்" என்கிறார்கள். ஐயா, இப்போது மட்டும் போடாமலா இருக்கிறது? வெற்று உறையைக் கொண்டுபோய், "இதே மாதிரி வெள்ளையில் பத்துத் தாங்க" என்று கேட்டு வாங்குகிறது. பெயர் தெரிந்து தவறு செய்பவனைத் திருத்தலாம். பெயரே தெரியாமல் தவறு செய்பவனை எப்படித் திருத்துவது? எங்கள் பக்கம் போதைக் குளிசைகள் பிடிபட்டதாகச் செய்தி வராத மாதம் அரிது. அந்தச் செய்திகளில் ஒரு வேடிக்கை உண்டு. குளிசையின் பெயரும் மில்லிகிராமும் விலையும் விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் துல்லியமாகத் தெரிந்திருக்கும். தெரியாதிருப்பவர் துண்டோடு வரிசையில் நிற்கும் நோயாளி மாத்திரமே. அவருக்கு மறைத்துத்தான் போதைப் பழக்கத்தைத் தடுக்கப் போகிறோமா?

"நோயாளர் கூட்டம், எழுத நேரமில்லை" என்பது அடுத்த வாதம். இதில் நியாயமுண்டு. அரச வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் மருந்து கொடுக்கும் யன்னலுக்குள் நின்று பார்த்தால் அந்த ஊழியர்மேல் கோபம் வராது. ஆனால் உறை அச்சடிக்கும்போதே சில மருந்துகளின் பெயரை அச்சடிக்க நேரம் தேவையில்லை.

"ஆங்கிலப் பெயர் சனத்துக்கு விளங்காது" என்கிறார் மூன்றாமவர். தமிழில் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறோம். அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தால் 1987 இல் தமிழும் அரச கரும மொழியானது. அந்த மொழி பெயர்ப்பலகைவரை வந்துவிட்டது, குளிசை உறைக்கு இன்னும் வந்து சேரவில்லை. பக்லோபென் என்று எழுதினால் எங்கள் பிள்ளைகள் வாசிக்க மாட்டார்களா? பெட்டிக்குள் மடித்துவைக்கும் விளக்கத்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. அதையும் நோயாளி காண்பதில்லை.

இந்த நாடு மருந்து விடயத்தில் ஒரு காலத்தில் உலகுக்கே பாடம் சொன்ன நாடு. பேராசிரியர் சேனக பிபிலேயும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971 இல் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எழுந்தது. கம்பனிப் பெயர்களின் காட்டை வெட்டி, மருந்தை அதன் பொதுப்பெயரால் அழைக்க வேண்டும் என்பது பிபிலேயின் கொள்கையின் நடுநாடி. அவர் 1977 இல் கயானாவில் காலமானார். அவருடைய கொள்கையை நடைமுறைப்படுத்துவதாகச் சொல்லி 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைந்தது. பொதுப்பெயருக்காக அரை நூற்றாண்டு வாதாடிய நாட்டில், நோயாளியின் கைக்கு வரும்போது பொதுப்பெயரும் இல்லை, கம்பனிப் பெயரும் இல்லை.

அட்டையிலே பெயரிருந்தால் மட்டும் எல்லாம் சரியா என்று கேட்கலாம். இல்லைதான். கரிசோப்ரோடோலையும் டாபென்டடோல் என்ற கடும் வலிநிவாரணியையும் கலந்து, முறையான மருந்துபோல் அழகிய பெட்டியில் அடைத்து, மும்பைக் கம்பனியொன்று மேற்கு ஆபிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்ததை பி.பி.சி. 2025 பெப்ரவரியில் வெளிக்கொணர்ந்தது. இந்திய அரசு அந்தக் கலவையைத் தடை செய்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயரும் தொகுதி இலக்கமும் இருந்தால்தான் கள்ளனைப் பின்தொடரலாம், பழுதான தொகுதியைத் திரும்பப் பெறலாம். "இன்ன தொகுதியைப் பாவிக்க வேண்டாம்" என்று நாளை வானொலியில் அறிவித்தால், வெள்ளை உறை வைத்திருப்பவர் எதைப் பார்த்து எறிவார்?

கல்முனைக்குள் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஒன்று, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை ஒன்று. பிரதேச செயலகத்தின் எல்லைக்காக 2019 ஜூனில் இரு சமூகத்தாரும் எதிரெதிரே உண்ணாவிரதமும் சத்தியாக்கிரகமும் இருந்த ஊர் இது. அந்த வழக்கு எப்படியும் போகட்டும். முதுகுவலியோடு அங்குமிங்கும் போகும் முஸ்லிமின் கையிலும் தமிழரின் கையிலும் இருப்பது ஒரே பெயரற்ற உறை. இதற்காகச் சேர்ந்து ஒரு மனு எழுத, எங்கள் பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் கோயில் தர்மகர்த்தாக்களுக்கும் எல்லைக்கோடு தடையாக இருக்காது.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை சில. அட்டையை வெட்டுவதானால் பெயரும் திகதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். உரித்த குளிசை தந்தால் அங்கேயே நின்று பெயரையும் மில்லிகிராமையும் எழுதிக் கேளுங்கள். எழுத மறுத்தால் அந்தக் குளிசையை வாங்காமல் வாருங்கள். அட்டையைக் கைத்தொலைபேசியில் படம்பிடித்து வைத்திருங்கள். எந்த வைத்தியரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். சிறுநீரகத்திலோ ஈரலிலோ பழுதிருந்தால் அவர் கேட்கும்வரை காத்திராமல் சொல்லுங்கள். தசைத் தளர்த்தி தூக்கம் வரவைக்கும். அதைப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறுவதும் கடலுக்குப் போவதும் வேண்டாம். பழைய உறையில் மிஞ்சிய பெயர் தெரியாத குளிசைகளை யாருக்கும் கொடுக்காதீர்கள், நீங்களும் போடாதீர்கள்.

மருந்தக உரிமையாளர்களுக்கும் தனியார் சிகிச்சை நிலையக்காரருக்கும் ஒரு யோசனை. எங்கள் பக்கத்தில் முதுகுக்கும் மூட்டுக்கும் வழக்கமாகப் போகும் மருந்துகள் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தமிழில் ஒரு றப்பர் முத்திரை செய்யுங்கள்: மேலே மருந்தின் பொதுப்பெயர், கீழே மில்லிகிராமுக்கும் வேளைக்கும் நாட்களுக்கும் மூன்று வெற்றிடம், அதற்கும் கீழே "சிறுநீரக நோய் இருந்தால் சொல்லவும்" என்று ஒரு வரி. கல்முனை பிரதான வீதியில் முத்திரை செய்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டு நாளில் கொடுத்துவிடுவார்கள்.